விழுந்து இரண்டு மாதம், எக்ஸ்ரே நார்மல், மணிக்கட்டு வலி மட்டும் போகவில்லை: காரணம் என்ன?

கேட்டவருக்கு வயது 29. சிவதாபுரம் பக்கம் வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் வேலை. இரண்டு மாதத்துக்கு முன் ஏற்காட்டிலிருந்து இறங்கும்போது ஒரு கொண்டை ஊசி வளைவில் பைக் சறுக்கி, வலது கையை ஊன்றி விழுந்திருக்கிறார். அன்றைக்கே எடுத்த எக்ஸ்ரேயில் முறிவு இல்லை என்றார்கள். அப்புறம் இரண்டு வாரம் எண்ணெய் போட்டு நீவிக்கொண்டார். வீக்கம் வடிந்தது, கட்டைவிரல் பக்கத்து வலி மட்டும் போகவில்லை. இப்போது ராத்திரியில் விரல்கள் மரத்தும் போகின்றன. விழுந்ததால் வந்ததா, நாள் முழுக்கக் கொறடு பிடிக்கிற வேலையால் வந்ததா, பட்டறைக்குப் போகலாமா என்பது கேள்வி.

நான் சேலத்தில் பிசியோதெரபி பார்ப்பவன். கையைத் தொட்டுப் பார்க்காமல் இதுதான் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் எதை முதலில் இல்லை என்று உறுதிப்படுத்த வேண்டும் என்பதைச் சொல்ல முடியும். இளவயது ஆண், கை ஊன்றி விழுந்தது, கட்டைவிரல் பக்கம் வலி, முதல் நாள் எக்ஸ்ரே நார்மல். இந்த நான்கும் சேர்ந்தால் ஸ்கேஃபாய்டு என்ற சின்ன எலும்பின் முறிவு இல்லை என்று நிரூபணமாகும் வரை அது இருக்கிறது என்றே வைத்துக்கொள்ள வேண்டும். வேலையால் வருகிற வலிகள் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

மணிக்கட்டில் எட்டு சின்ன எலும்புகள் இரண்டு வரிசையாக இருக்கின்றன. கையை ஊன்றி விழும்போது உடம்பு எடையும் வண்டி வேகமும் சேர்ந்து உள்ளங்கையின் கட்டைவிரல் பக்கத்தில் போய் இறங்கும். அங்கேதான் ஸ்கேஃபாய்டு, முந்திரிப் பருப்பு மாதிரி வளைந்து, இரண்டு வரிசைக்கும் குறுக்கே கிடக்கிறது. கை பின்பக்கமாக மடங்குகிற அந்த நொடியில் நடுவில் விண்டுபோகும். அந்த எட்டு எலும்புகளில் அதிகம் முறிவது இதுதான். முறிந்தாலும் கை கோணிக்கொள்ளாது, வீக்கம் பெரிதாக இருக்காது, விரல்கள் எல்லாம் ஆடும். "உடைஞ்சிருந்தா விரலை அசைக்கவே முடியாதே" என்று பக்கத்து வீட்டுக்காரர் சொல்வது இந்த எலும்பு விஷயத்தில் செல்லாது. ஸ்கேஃபாய்டு முறிவோடு வண்டி ஓட்டிக்கொண்டு வந்து எதிரில் உட்கார்ந்தவர்கள் உண்டு.

எக்ஸ்ரேயில் தெரியவில்லையே என்றால், முதல் நாளில் தெரியாமல் போவது இந்த எலும்பின் குணம். பத்தில் ஒன்றிரண்டு முறிவுகள் முதல் படத்தில் பிடிபடாது. கீறல் மயிரிழை அளவுதான் இருக்கும், சுற்றியுள்ள எலும்புகளின் நிழலும் மேலே விழுந்து மறைக்கும். பத்துப் பதினான்கு நாள் கழித்து முறிவின் ஓரங்களில் எலும்பு கொஞ்சம் கரைந்த பிறகு அதே கீறல் படத்தில் தெரிய ஆரம்பிக்கும். அதனால்தான் சந்தேகம் இருந்தால் முதல் நாளே கட்டைவிரலையும் சேர்த்து மாவுக்கட்டோ பட்டையோ போட்டு, இரண்டு வாரத்தில் மறுபடி வரச் சொல்வார்கள். எம்ஆர்ஐ எடுத்தால் அந்த இரண்டு வாரமும் காத்திருக்க வேண்டியதில்லை. சாதாரண மணிக்கட்டு எக்ஸ்ரேயில் நேராக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று என இரண்டு படம் எடுப்பார்கள். ஸ்கேஃபாய்டுக்கென்று கையைச் சுண்டுவிரல் பக்கம் சாய்த்து எடுக்கும் படம் தனி. உங்கள் பழைய படத்தில் அது இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். முதல் நாள் பார்த்தவர்கள் மேல் குறை சொல்ல இதில் எதுவும் இல்லை. மறுபடி எடுக்காமல் விட்டதுதான் விடுபட்ட படி.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பார்க்கலாம். கட்டைவிரலை நன்றாக மேலே நீட்டி விரியுங்கள். அதன் அடியில், மணிக்கட்டின் பக்கவாட்டில், இரண்டு நரம்புக் கயிறுகள் எழும்பி நடுவில் ஒரு பள்ளம் விழும். (நாம் நரம்பு என்று பேச்சுவாக்கில் சொன்னாலும் அவை தசைநார்கள். உணர்ச்சி தருகிற நரம்பு வேறு, அதற்குப் பிறகு வருகிறேன்.) அந்தப் பள்ளத்தின் தரையில்தான் ஸ்கேஃபாய்டு இருக்கிறது. மறு கையின் ஆள்காட்டி விரலால் அங்கே அழுத்துங்கள், நல்ல கையிலும் அதே இடத்தில் அழுத்தி ஒப்பிடுங்கள். அடுத்து, உள்ளங்கைப் பக்கம் கட்டைவிரல் மேட்டின் அடியில், மணிக்கட்டுக் கோட்டை ஒட்டித் தட்டுப்படும் முண்டை அழுத்துங்கள். கடைசியாகக் கட்டைவிரலை நீளவாக்கில் மணிக்கட்டை நோக்கி உள்ளே தள்ளிப் பாருங்கள். இவற்றில் வலது கை மட்டும் சுருக்கென்று வலித்தால் எலும்பு டாக்டரைப் பார்ப்பதை அடுத்த வாரத்துக்குத் தள்ளாதீர்கள். வலிக்கவில்லை என்பதால் முறிவு இல்லை என்றும் முடிவு கட்ட வேண்டாம், இரண்டு மாதம் நீடித்த வலிக்கு மறுபடம் எப்படியும் வேண்டும்.

இவ்வளவு வற்புறுத்தக் காரணம் இந்த எலும்புக்கு ரத்தம் வரும் வழி. பெரும்பகுதி ரத்தம் விரல் பக்கத்து முனையில் நுழைந்து முழங்கைப் பக்கமாகப் பின்னோக்கிப் போகிறது. நடுவில் முறிந்தால் பின்பாதிக்கு வரத்து குறையும். முழங்கைப் பக்கத்து முனையிலேயே முறிந்தால் அந்தத் துண்டு ரத்தமில்லாமல் செத்துப்போகவும் கூடும். சரியான நேரத்தில் அசையாமல் கட்டிவைத்தால் நடு முறிவுகள் பெரும்பாலும் எட்டிலிருந்து பன்னிரண்டு வாரத்தில் கூடிவிடும். கட்டாமல், நீவி, கொறடும் பிடித்துக்கொண்டிருந்தால் கூடாமலே நின்றுபோகும். கூடாத ஸ்கேஃபாய்டு ஓரிரு வருஷம் பெரிதாகத் தொல்லை தராமல்கூட இருக்கும். பிறகு மற்ற எலும்புகள் வரிசை தப்பி, குருத்தெலும்பு தேய்ந்து, நாற்பது வயதில் மூட்டுத் தேய்மானத்தில் கொண்டுபோய் விடும். கையை வைத்துப் பிழைப்பவருக்கு அது லேசான விஷயம் இல்லை.

இரண்டு மாதம் போய்விட்டதே என்று பயப்பட வேண்டாம், இப்போதும் வழி இருக்கிறது. சிடி எடுத்தால் எலும்பு எவ்வளவு கூடியிருக்கிறது என்று தெரியும், எம்ஆர்ஐ எடுத்தால் ரத்த ஓட்டம் பற்றித் தெரியும். கூடவில்லை என்றால் சின்ன திருகாணி ஒன்றை உள்ளே முடுக்கி, தேவைப்பட்டால் இடுப்பிலிருந்தோ முன்னங்கையிலிருந்தோ கொஞ்சம் எலும்பு எடுத்து இட்டு நிரப்புவார்கள். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனையில் எலும்பு மூட்டுப் பிரிவு இருக்கிறது, முதலில் அங்கே போய்க் காட்டலாம். பீடி, சிகரெட் இருந்தால் நிறுத்துங்கள். அது எலும்பு கூடுவதைத் தாமதப்படுத்தும், இந்த எலும்பில் இன்னும் கூடுதலாக.

எலும்பு சரியாக இருந்தும் அதே விழுகையில் எலும்புகளைப் பிணைக்கும் நார் கிழிந்திருக்கலாம். ஸ்கேஃபாய்டுக்கும் பக்கத்திலுள்ள லூனேட்டுக்கும் நடுவிலுள்ள நார் கிழிந்தால் வலி மணிக்கட்டின் மேற்பக்கம் நட்ட நடுவில் இருக்கும். கையை ஊன்றி எழும்போது உள்ளே நழுவுகிற மாதிரி, 'டக்' என்று ஒரு சத்தத்தோடு வலிக்கும். முஷ்டியை இறுக்கிப் பிடித்து எடுக்கும் எக்ஸ்ரேயில் இரண்டு எலும்புக்கும் இடைவெளி விரிவது தெரியும்.

இனி வேலை சம்பந்தப்பட்டது. கொலுசு வேலையில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து கிள்ளிப் பிடித்தபடியே பல மணி நேரம் போகும். கம்பியை வளைப்பது, வளையம் கோர்ப்பது, பற்றவைக்கும்போது துண்டை அசையாமல் பிடிப்பது எல்லாவற்றிலும் கட்டைவிரலை விரிக்கிற இரண்டு தசைநார்கள் ஓயாமல் உரசிக்கொண்டிருக்கும். அவை மணிக்கட்டுக்குக் கொஞ்சம் மேலே, எலும்பின் மேல் ஓர் இறுக்கமான உறைக்குள் ஓடுகின்றன. உறை தடித்தால் நார்கள் சுலபமாக வழுக்கிப் போகாது. அதுதான் டி குர்வெய்ன் நோய். ஃபிரிட்ஸ் டி குர்வெய்ன் என்ற சுவிஸ் அறுவை மருத்துவர் 1895இல் எழுதினார். எக்ஸ்ரே கண்டுபிடிக்கப்பட்டதும் அதே 1895இல்தான். வேடிக்கை என்னவென்றால் அன்றைக்கும் இன்றைக்கும் இந்த நோய் எக்ஸ்ரேயில் தெரியாது. "படம் நார்மல்" என்ற வார்த்தை இங்கே எதையும் முடித்துவைக்காது.

இதற்கும் ஸ்கேஃபாய்டுக்கும் வலிக்கும் இடம் அடுத்தடுத்து இருப்பதால் குழப்பம் வரும். அந்தப் பள்ளத்துக்குள் வலித்தால் ஸ்கேஃபாய்டைச் சந்தேகிக்கலாம். பள்ளத்திலிருந்து ஒன்றிரண்டு சென்டிமீட்டர் முழங்கைப் பக்கம் தள்ளி, தட்டுப்படும் எலும்பு மேட்டின் மேல் வலித்தால், அங்கேயே தடிப்பும் இருந்தால், டி குர்வெய்ன் என்று சந்தேகிக்கலாம். கட்டைவிரலை மடக்கி மற்ற விரல்களால் மூடி, மணிக்கட்டை மெதுவாகச் சுண்டுவிரல் பக்கம் சாய்த்தால் இந்த நோய் உள்ளவர்கள் துள்ளிவிடுவார்கள். இதை வேகமாகச் செய்யாதீர்கள். நல்ல கையிலேயே கொஞ்சம் இழுக்கும், அதையும் கணக்கில் எடுங்கள்.

டி குர்வெய்ன் வரும் இன்னொரு கூட்டம் பிரசவமான பெண்கள். குழந்தையின் இரண்டு அக்குளிலும் கைகொடுத்து, கட்டைவிரல் விரிந்தபடி நாளைக்கு எத்தனையோ முறை தூக்குகிறார்கள், உடம்பில் நீர்க்கோப்பும் இருக்கும். "குழந்தை பெத்த உடம்பு, வாயு" என்று வீட்டில் விட்டுவிடுவார்கள். உள்ளங்கையைக் குழந்தையின் பின்புறத்துக்குக் கீழே கொடுத்து அள்ளித் தூக்கினாலே பாதி வலி குறைகிறது. ஆத்தூர், தலைவாசல் பக்கத்துச் சேகோ மில்களில் குச்சிக்கிழங்குத் தோல் சீவும் பெண்களுக்கும், ஏற்காட்டு எஸ்டேட்டில் கவாத்துக் கத்தரி பிடிப்பவர்களுக்கும் இதே இடத்தில்தான் வலி. இதற்கு வைத்தியம் கட்டைவிரலோடு சேர்ந்த பட்டை, சில வாரம் அந்தப் பிடியைத் தவிர்ப்பது, குறையாவிட்டால் உறைக்குள் ஒரு ஸ்டீராய்டு ஊசி. ஊசி பெரும்பாலானவர்களுக்குக் கேட்கும். போடும் முன்பே இரண்டைத் தெரிந்துகொள்ளுங்கள்: சர்க்கரை உள்ளவர்களுக்குச் சில நாள் அளவு ஏறும், நம் நிறத்தில் ஊசி போட்ட இடம் வெளுத்துச் சில மாதம் திட்டாகத் தெரியலாம். எதற்கும் அடங்காவிட்டால் உறையைக் கீறிவிடும் சின்ன ஆபரேஷன் இருக்கிறது.

அடுத்து ராத்திரி மரத்துப்போவது. இது வேறு கணக்கு. மணிக்கட்டின் உள்ளங்கைப் பக்கம் எலும்புகளுக்கும் தடித்த ஒரு நார்ப்பட்டைக்கும் நடுவே குறுகலான ஒரு வழி இருக்கிறது. விரல்களை மடக்கும் ஒன்பது தசைநார்களும் மீடியன் என்ற நரம்பும் அதில் சேர்ந்து போகின்றன. உள்ளே கொஞ்சம் வீங்கினாலும் முதலில் நசுங்குவது நரம்புதான். இதைக் கார்ப்பல் டன்னல் என்கிறார்கள். நீங்கள் கவனிக்க வேண்டியது எந்தெந்த விரல் மரக்கிறது என்பதை. கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல், மோதிர விரலில் பாதி என்றால் மீடியன். சுண்டுவிரலும் மோதிர விரலின் மறுபாதியும் என்றால் அல்நார் என்ற வேறு நரம்பு, அதன் சிக்கல் முழங்கையிலும் இருக்கலாம். கழுத்திலிருந்து தோள்வழியாக இறங்கி வருகிறதென்றால் கழுத்தைப் பார்க்க வேண்டும். எந்த விரல் என்று தெளிவாகத் தெரியவில்லை என்பவர்களுக்கு, தூக்கம் கலைந்ததும் எழுந்து உட்கார்ந்து கையை உதறுகிறீர்களா என்று கேட்பேன். உதறினால் சரியாகிறது என்றால் பெரும்பாலும் கார்ப்பல் டன்னல்தான்.

தூங்கும்போது மணிக்கட்டை மடக்கிப் படுப்பதால்தான் ராத்திரியில் கூடுகிறது. மணிக்கட்டை நேராக வைக்கும் பட்டையை இரவில் மட்டும் ஆறு வாரம் போட்டாலே லேசானவை அடங்கும். கட்டைவிரல் மேட்டுச் சதை வற்ற ஆரம்பித்தாலோ பிடித்த பொருள் நழுவினாலோ காத்திருக்கக் கூடாது. நரம்பு ஓட்டப் பரிசோதனை செய்து, தேவையென்றால் நரம்பின் மேலுள்ள அந்த நார்ப்பட்டையை வெட்டிவிடும் ஆபரேஷனுக்குப் போக வேண்டும். சர்க்கரை, தைராய்டு குறைவு, கர்ப்பம், முடக்குவாதம் எல்லாம் இதற்கு வழிவிடுபவை. உங்கள் வயதிலும் ஒருமுறை சர்க்கரையும் தைராய்டும் பார்ப்பது வீணாகாது. விழுந்த கையில் மணிக்கட்டு எலும்பு கூடாமலோ இடம் மாறியோ இருந்தாலும் இதே நரம்பு அழுந்தும். அதனால் உங்கள் மரப்பும் வலியும் இரண்டு தனி நோயாக இருக்கலாம், ஒரே விழுகையின் இரண்டு விளைவாகவும் இருக்கலாம். எக்ஸ்ரேயை விட்டுவிட்டு மரப்புக்கு மட்டும் வைட்டமின் மாத்திரை வாங்கிச் சாப்பிடாதீர்கள்.

சுண்டுவிரல் பக்கம் வலித்தால் அங்கே முன்னங்கை எலும்பின் முனைக்கும் மணிக்கட்டுக்கும் நடுவே ஒரு முக்கோணக் குருத்துத் தட்டு இருக்கிறது. சாவி திருகும்போது, துணி பிழியும்போது, நாற்காலிக் கைப்பிடியை ஊன்றி எழும்போது வலிப்பது அதன் அடையாளம். விழுந்தும் கிழியும், வயதாகித் தேய்ந்தும் கிழியும். மணிக்கட்டின் மேல் உருண்டையாக எழும்பி, சில நாள் பெருத்துச் சில நாள் சிறுத்து நிற்கும் கட்டி பெரும்பாலும் கேங்கிலியான். உள்ளே கெட்டியான பசைநீர்தான். வலி இல்லையென்றால் சும்மா விடலாம், பாதிக்குப் பாதி தானாகவே போய்விடும். கனமான புத்தகத்தால் ஓங்கி அடித்து உடைக்கிற பழைய வைத்தியம் வேண்டாம்.

வீட்டில் அம்மாவோ பாட்டியோ குளியலறையில் வழுக்கிக் கையை ஊன்றினால் ஸ்கேஃபாய்டைவிட முன்னங்கை எலும்பின் முனை முறிவதே அதிகம். மணிக்கட்டுக்கு மேல் பின்பக்கமாகப் புடைத்துக் கை கோணித் தெரியும். டப்ளினைச் சேர்ந்த ஆபிரகாம் காலிஸ் 1814இல், எக்ஸ்ரே வருவதற்கு எண்பது வருஷம் முன்பே, கையால் தொட்டே இதை விவரித்துவிட்டார். மாதவிடாய் நின்ற பெண்ணுக்கு நின்ற உயரத்திலிருந்து விழுந்தே மணிக்கட்டு முறிந்தது என்றால் கட்டைப் பிரித்ததோடு விடக் கூடாது. எலும்பு அடர்த்தியைப் பார்க்க வேண்டும், அடுத்த முறிவு இடுப்பில் வரலாம். ஏற்காட்டில் சில்வர் ஓக் மரத்தில் ஏணி சாய்த்து மிளகு பறிப்பவர்கள் விழுவது வேறு வகை. அந்த உயரத்திலிருந்து விழுந்தால் மணிக்கட்டு மட்டுமின்றி முழங்கை, முதுகெலும்பு எல்லாம் பார்த்தாக வேண்டும்.

விழாமலே வரும் வலிகளில் இரண்டு மணிக்கட்டும் சேர்ந்து வலித்து, காலையில் எழுந்து அரைமணி, ஒரு மணி நேரம் கை மடங்காமல் இறுகியிருந்தால் முடக்குவாதமா என்று ரத்தப் பரிசோதனை வேண்டும். சிக்குன்குனியா வந்துபோனவர்களுக்கு மாதக்கணக்கில் மணிக்கட்டு வலிப்பதை 2006க்குப் பிறகு தமிழ்நாட்டில் நிறையப் பேர் அனுபவித்தார்கள். ஒரே மணிக்கட்டு மெதுவாக மாதக்கணக்கில் வீங்கி, சாயங்காலக் காய்ச்சல், எடை குறைவு இருந்தால் நம் ஊரில் காசநோயையும் நினைக்க வேண்டும். எலும்புக்கும் அது வரும். திடீரென்று சிவந்து, சூடாகி, வீங்கி, காய்ச்சலும் இருந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி.

நீவுவது பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். தசைப்பிடிப்புக்கு நீவினால் சுகமாக இருக்கும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. விழுந்த மணிக்கட்டில், முறிவு இல்லை என்று உறுதியாகும் முன் இழுப்பதும் சொடுக்குவதும் ஒட்ட முயலும் எலும்பை மறுபடி பிரித்துவிடும். முட்டையும் உளுந்து மாவும் குழைத்துப் பத்துப்போட்டு மூங்கில் தப்பை வைத்து இறுக்கும் கட்டில் இன்னோர் ஆபத்து. உள்ளே வீக்கம் கூடும்போது கட்டு விரியாது, ரத்த ஓட்டம் நின்றுபோகும். கட்டு எங்கே போட்டதாக இருந்தாலும், மாவுக்கட்டே ஆனாலும், வலி மணிக்கு மணி கூடினாலோ, விரல்கள் வெளுத்தோ நீலம் பாரித்தோ குளிர்ந்தாலோ, விரலை மெல்ல நிமிர்த்தும்போது உயிர் போகிற வலி வந்தாலோ உடனே பிரித்தாக வேண்டும். விடியட்டும் என்று காத்திருந்து கை சூம்பிப்போனவர்கள் இருக்கிறார்கள்.

பட்டறைக்குப் போகலாமா என்று கேட்டீர்கள். படம் வரும் வரை வலது கையால் கொறடு, சுத்தியல், கம்பி இழுப்பு எதுவும் வேண்டாம். மெடிக்கல் ஷாப்பில் கட்டைவிரலையும் சேர்த்துப் பிடிக்கிற மணிக்கட்டுப் பட்டை கிடைக்கும், அதைப் பகலிலும் இரவிலும் போடுங்கள். கட்டைவிரல் வெளியே நிற்கிற சாதாரண பட்டை உங்களுக்குப் போதாது. வலி மாத்திரை போட்டுக்கொண்டு வேலை பார்ப்பதுதான் மோசமான வழி. வலி தெரியாது, எலும்பு விலகுவதும் தெரியாது. எடை பார்ப்பது, கணக்கு எழுதுவது, இடது கையால் பிரித்து அடுக்குவது போன்றவற்றை முதலாளியிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். டாக்டரிடம் போகும்போது பழைய எக்ஸ்ரே ஃபிலிமையே கொண்டுபோங்கள், ரிப்போர்ட் தாள் மட்டும் போதாது. விழுந்த தேதி, உள்ளங்கை ஊன்றியது, அதன்பின் நீவியது மூன்றையும் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். எலும்பு முழுசாக இருக்கிறது, டி குர்வெய்ன்தான் என்று வந்தால், கொறட்டுக் கைப்பிடியில் ரப்பர் குழாய் மாட்டித் தடிமனாக்கி, துண்டை விரலால் பிடிக்காமல் சின்ன வைஸில் பிடித்து, சில வாரத்தில் பழைய வேலைக்கே திரும்பலாம். ஸ்கேஃபாய்டு என்று வந்தால் இந்தத் தீபாவளி ஆர்டரை மறந்துவிடுங்கள்.